பெருந்தச்சன் முதல் பி.ஆர்க். வரை

தாரமங்கலம் கைலாசநாதர் கோவில் மண்டபத்தில் ஒரு விளையாட்டு உண்டு. ஒரு தூணில் வாலியும் சுக்ரீவனும் சண்டை போடுகிறார்கள். கொஞ்சம் தள்ளி இன்னொரு தூணில் ராமர் வில்லோடு நிற்கிறார். ராமர் பக்கத்தில் நின்று பார்த்தால் வாலி தெரிவான். வாலி பக்கம் போய் நின்றால் ராமர் தெரியமாட்டார். சேலத்துக்காரர்களில் பாதிப்பேர் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் இந்த இரண்டு தூண்களுக்கும் நடுவே ஓடி ஓடிப் பார்த்தவர்கள்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன், பிளஸ் டூ பரீட்சை முடிந்த கோடையில், அக்கா மகளோடு மறுபடியும் அங்கே போனேன். அவளுடைய அப்பா, என் மச்சான், முப்பது வருடமாகக் கட்டட மேஸ்திரி. அவரும் வந்திருந்தார். பிள்ளை ஓடி ஓடிப் பார்ப்பதைச் சிரித்துக்கொண்டே கவனித்தவர் சொன்னார்: "இது செல வேல மட்டும் இல்ல பாப்பா, நூல் புடிச்ச வேல. மனுசன் எங்க நின்னு பாப்பான்னு மொதல்ல முடிவு பண்ணிட்டு, அப்பறந்தான் தூணையே நட்டிருக்கான்."

அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். "அப்ப இதக் கட்டுனவரு ஆர்க்கிடெக்ட்டுங்களா மாமா?"

"ஆமா கண்ணு."

"அப்ப அப்பா?"

மச்சான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் பதில் சொல்லவில்லை. அவளுக்கு பி.ஆர்க். படிக்க ஆசை. அதற்கான வழிகளை விசாரிக்கப் போய்த்தான் அந்த இரண்டாவது கேள்விக்கு ஒரு வரலாறு இருப்பது எனக்கே தெரியவந்தது.

*

கட்டியவரின் பெயர் நம் ஊரில் எழுதிவைக்கப்படுவது அபூர்வம். நாமக்கல் மலையின் அடியில் எட்டாம் நூற்றாண்டுக் குடைவரைகள் இருக்கின்றன. அரங்கநாதர் குடைவரைக் கல்வெட்டு அதை அதியேந்திர விஷ்ணு கிருகம் என்கிறது. குடைவித்தவன் அதியர் குலத்துக் குணசீலன். குடைந்தவன் யார் என்பதற்குப் பதில் இல்லை.

தஞ்சைப் பெரிய கோவில் ஒரு விதிவிலக்கு. 1010-ல் முடிந்த அந்தக் கோவிலின் கல்வெட்டு, கட்டியவர் பெயரை வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் என்று சொல்கிறது. இதில் குஞ்சரமல்லன் என்பது ஆளின் பெயர். இராஜராஜப் பெருந்தச்சன் என்பது பட்டம். ராஜா தன்னுடைய பெயரையே கொடுத்திருக்கிறான். கட்டடம் கட்டுகிறவருக்கான 'டைட்டில்' என்று பார்த்தால் நமக்குத் தெரிந்த பெரிய உதாரணம் இதுதான். இதில் வேலை முதலில், பட்டம் பிறகு.

ஸ்தபதிகள் ஒப்பந்தம் எழுதும்போது, ஆவுடையார்கோவில் கொடுங்கை, திருவலஞ்சுழி பலகணி போன்ற சில வேலைகள் நீங்கலாக மற்ற எதையும் செய்து தருகிறோம் என்று எழுதிக்கொடுப்பார்கள் என ஒரு வாய்மொழிச் செய்தி உண்டு. அப்படி ஒரு பத்திரத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்குள் ஒரு கல்விமுறை இருக்கிறது. பாடத்திட்டம் கட்டடமாகவே நின்றது. அதில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதுதான் ஒருவரின் சான்றிதழ்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கல்வி அப்பனிடமிருந்து மகனுக்குப் போனது. குலத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு வாசல் இல்லை. மகளுக்கு நிச்சயமாக இல்லை. என் அக்கா மகள் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் தூணைச் சுற்றி ஓடியிருக்கலாம். எங்கே தூண் நடுவது என்று அவளிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

*

கட்டுகிற கையும் வரைகிற கையும் எப்போது பிரிந்தன?

1794-ல் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு சர்வே பள்ளி தொடங்கியது. நிலத்தை அளக்க ஆள் வேண்டும், அதற்காக. அது 1859-ல் பொறியியல் கல்லூரியானது. பிறகு கிண்டிக்கு இடம் மாறியது. இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி அதுதான். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். சில வருடங்களில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. ஆக ஒரு பக்கம் அளவு, இன்னொரு பக்கம் அழகு. கட்டடக்கலை இரண்டுக்கும் நடுவில் விழுந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அதைத் தனிப் பட்டமாகப் படிக்கச் சென்னையில் இடமே இல்லை.

ஆனால் கட்டடங்கள் நிற்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸை வரைந்த ராபர்ட் சிஷோம்தான் பின்னாளில் அந்த ஓவியப் பள்ளிக்குக் கண்காணிப்பாளரானார். 1892-ல் உயர்நீதிமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது. வரைந்தவர்களில் முக்கியமானவர் ஹென்றி இர்வின். கட்டிக் கொடுத்த ஒப்பந்ததாரர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டி. நம் ஆட்களில் ஒருவருடைய பெயர் நிலைத்தது என்றால் அது ஒப்பந்ததாரரின் பெயர். அவருக்குக் கீழே செங்கல் அடுக்கிய, கல் செதுக்கிய, வளைவு திருப்பிய நூற்றுக்கணக்கானவர்கள் கூலிப் பட்டியலில் இருந்தார்கள். அந்தக் கட்டடங்களை இந்தோ சாரசெனிக் பாணி என்கிறோம். உள்ளூர்க் கைவேலை இல்லாமல் அந்தப் பாணி இல்லை. ஆனால் காகிதத்தில் வரைபவரே படைப்பாளி, கல்லில் செய்பவர் வேலையாள் என்ற பிரிவினை இங்கே உறைந்துபோனது.

பம்பாய் முந்திக்கொண்டது. 1857-ல் தொடங்கிய ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் வரைவாளர்களுக்கான வகுப்பு முதலில் வந்தது. பிறகு 1913-ல் ராபர்ட் கேபிள் பொறுப்பேற்க, அது முறையான கட்டடக்கலைப் படிப்பாக வளர்ந்தது. வெள்ளைக்கார ஆர்க்கிடெக்ட்டுகளுக்கு உதவியாளர்கள் வேண்டும் என்பதுதான் தொடக்கத்தில் தேவை. உதவியாளர்களாகப் போனவர்கள் ஆர்க்கிடெக்ட்டுகளாகத் திரும்பினார்கள். பம்பாயில் படித்த எல்.எம்.சிட்டாலே 1932-ல் சென்னையில் அலுவலகம் போட்டார். அண்ணா சாலையில் 1959-ல் திறந்த எல்.ஐ.சி. கட்டடத்தை முடித்துக்கொடுத்தது அவர்தான். ஊரிலிருந்து மெட்ராஸ் போனவர்கள் அண்ணாந்து பார்த்து மாடி எண்ணின கட்டடம்.

*

அந்தக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோதுதான் 1957 வந்தது. தமிழ்நாட்டில் கட்டடம் படிக்க நினைக்கிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய வருடம் இது. ஒரே வருடத்தில் இரண்டு கதவுகள் திறந்தன.

ஒன்று, கிண்டியில். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளி. 1978-ல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது அதன் நான்கு தொடக்க நிறுவனங்களில் ஒன்றானது. இப்போதும் 'ஸ்கூல் ஆஃப் ஆர்க்கிடெக்சர்' என்றே பிள்ளைகள் சொல்கிறார்கள்.

இன்னொன்று, மாமல்லபுரத்தில். அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சிப் பள்ளி. அதன் முதல் தலைவர் வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப் பிறகு மகன் கணபதி ஸ்தபதி 1960-களின் தொடக்கத்திலிருந்து 1988 வரை அதை நடத்தினார். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் படித்தவர் அவர். குருகுலமாக இருந்ததை அவர் பல்கலைக்கழகப் பட்டமாக மாற்றினார். மரபுக் கட்டடக்கலைக்கு ஒரு பட்டம், சிற்பத்துக்கு ஒரு பட்டம் என்று இன்றும் அங்கே படிக்கலாம். குலத்துக்கு வெளியே இருந்தவர்களும் இப்போது விண்ணப்பம் போட்டு ஸ்தபதி வேலை படிக்க முடிகிறது. நம் கட்டடக்கலை வரலாற்றில் அது சின்ன விஷயம் இல்லை.

இரண்டு பள்ளிகளுக்கும் நடுவே ஒரு மணிநேரப் பயணம்தான். ஒன்றில் கான்கிரீட், நகரமைப்பு, லே கொர்புசியே. மற்றதில் மானசாரம், மயமதம், ஆயாதி கணக்கு. ஒரே மாநிலம், ஒரே வருடம், ஒரே தொழில். ஆனாலும் இவை இரண்டு தனி உலகங்களாகவே வளர்ந்தன. கன்னியாகுமரியில் 133 அடி திருவள்ளுவர் சிலையை எழுப்பினவர் கணபதி ஸ்தபதி. கடற்காற்றும் அலையும் மோதும் பாறையில் அத்தனை உயரத்துக்குக் கல்லை நிறுத்துவது என்பது வெறும் சிற்ப வேலை அல்ல, சுமையும் சமநிலையும் தெரிந்த கட்டடப் பொறியியல். 2000-ஆம் ஆண்டின் முதல் நாளில் அது திறந்துவைக்கப்பட்டது. 2009-ல் அவருக்கு பத்ம பூஷண் கிடைத்தது. நாடு அவரை ஸ்தபதி என்றுதான் அழைத்தது. ஆர்க்கிடெக்ட் என்ற சொல் அதற்குள் வேறு இடத்தில் பூட்டப்பட்டிருந்தது.

*

பூட்டின வருடம் 1972. நாடாளுமன்றம் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தை இயற்றியது. அந்தச் சட்டத்தின்படி கட்டடக்கலைக் கவுன்சில் என்ற அமைப்பு உருவானது. எந்தெந்தப் பட்டங்கள் செல்லும் என்று ஓர் அட்டவணை. அந்தப் பட்டம் இருந்தால் கவுன்சிலில் பதிவு செய்யலாம். பதிவு இருந்தால்தான் ஆர்க்கிடெக்ட் என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளலாம். 37-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. நிலக்காட்சி ஆர்க்கிடெக்ட், கப்பல் ஆர்க்கிடெக்ட் இருவருக்கும் அதில் விலக்கு இருக்கிறது. ஸ்தபதிக்கோ மேஸ்திரிக்கோ அந்த வரியில் இடம் இல்லை.

பட்டம் இல்லாதவர்களுக்குச் சட்டம் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து வைத்திருந்தது. ஐந்து வருடம் ஆர்க்கிடெக்ட்டாகத் தொழில் செய்தவர் என்று காட்ட முடிந்தவர்கள் தொடக்க காலத்தில் பதிவு செய்துகொள்ளலாம். காட்ட வேண்டியது என்ன? வரைபடம், ஒப்பந்தம், கடிதம் என்று காகிதங்கள். நூலும் தூக்குக்குண்டுமாக வாழ்ந்தவரிடம் அந்தக் காகிதம் எங்கே இருக்கும்? நகரத்து அலுவலகக்காரர்களுக்கான ஜன்னல் அது. சீக்கிரமே மூடிக்கொண்டது.

இந்தச் சட்டம் உண்மையில் எதைக் காக்கிறது என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. நொய்டா நிர்வாகத்தில் ஒரு பதவியின் பெயர் பற்றிய வழக்கு. 2020 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. பதிவு இல்லாதவர்கள் ஆர்க்கிடெக்ட் என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் கட்டடம் வடிவமைக்கும் வேலையைச் செய்வதற்கு இந்தச் சட்டம் தடை போடவில்லை. சுருக்கமாக, பூட்டு பெயருக்கு. வேலைக்கு இல்லை.

இதைப் படித்த பிறகு சேலம் ஐந்து ரோட்டில் நின்று போர்டுகளைப் பாருங்கள். 'பில்டர்ஸ் அண்டு டிசைனர்ஸ்', 'கன்சல்டிங் இன்ஜினியர்', 'பிளான் அப்ரூவல் செய்து தரப்படும்', 'வாஸ்து முறைப்படி'. அந்த ஒரு சொல்லை மட்டும் எல்லோரும் ஜாக்கிரதையாகச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

*

அதற்கு நம்ம ஊர் வரலாறும் காரணம். சேலத்தில் தியாகராஜர் பாலிடெக்னிக் 1958-ல் வந்தது. அரசு பொறியியல் கல்லூரி 1966-ல் வந்தது. சங்ககிரியில் சிமெண்ட் ஆலை அதே அறுபதுகளில் வந்தது. சிவில் படித்தவரும் சிமெண்ட் மூட்டையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே கிராமத்துக்குள் நுழைந்தார்கள். சுண்ணாம்புக் காரையும் மெட்ராஸ் டெரசும் போய் சென்டரிங் கம்பி வந்தது. குழித்தறி இருந்த திண்ணை வீடுகள் இடிந்து மாடி வீடுகள் ஆயின. இந்த மாற்றம் முழுவதையும் வடிவமைத்தது யார் என்றால் டிப்ளமா சிவில்காரர், ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் டிராப்ட்ஸ்மேன் படித்தவர், அப்புறம் மச்சான் மாதிரி மேஸ்திரிகள். சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் இன்றும் பி.ஆர்க். கிடையாது. தனியார் கட்டடக்கலைக் கல்லூரிகள் இந்தச் சமவெளிக்கு ரொம்பத் தாமதமாகத்தான் வந்தன.

2019-ல் வந்த தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளும் பதிவுபெற்ற பொறியாளரின் கையெழுத்தை ஏற்கின்றன. ஆகவே ஆர்க்கிடெக்ட் இல்லாமலே ஒரு மாவட்டம் முழுக்க வீடு கட்டிக்கொள்ள முடியும். கட்டிக்கொண்டும் இருக்கிறது. விளைவு? மேற்கு வெயில் நேராகப் படுக்கையறைக்குள் விழும் வீடுகளில் ஏசி மாட்டி உட்கார்ந்திருக்கிறோம். மனுசன் எங்கே நின்று பார்ப்பான், எங்கே படுப்பான், காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று யோசிப்பதற்கு ஒரு படிப்பு வேண்டும்தான். படிப்பு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் படிப்புக்கான வழி யாருக்காகப் போடப்பட்டிருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

*

வழியைச் சொல்லிவிடுகிறேன். அக்கா மகளுக்காக நோட்டில் எழுதிவைத்தது இது.

பி.ஆர்க். ஐந்து வருடப் படிப்பு. பிளஸ் டூவில் கணிதம் கட்டாயம். மதிப்பெண் மட்டும் போதாது. 2006-ல் கட்டடக்கலைக் கவுன்சில் தொடங்கிய 'நாட்டா' தேர்வு, அல்லது ஜே.இ.இ. இரண்டாம் தாள் எழுத வேண்டும். திருச்சி என்.ஐ.டி.யில் சேர ஜே.இ.இ.தான். மாநிலக் கலந்தாய்வில் பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 200, மொத்தம் 400-க்குத் தரவரிசை போடுகிறார்கள். தமிழ்நாடு பொறியியலுக்கு நுழைவுத் தேர்வை 2007-லிருந்து எடுத்துவிட்டது. பி.ஆர்க்.கில் எடுக்க முடியவில்லை. அது கவுன்சிலின் விதி.

டிப்ளமா வழியும் உண்டு. ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நிறையப் பேர் விழுகிற பள்ளம். சிவில் டிப்ளமா மூன்று வருடம் படித்தவர் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம். மூன்றும் மூன்றும் ஆறு. பி.ஆர்க்.கில் அந்தக் குறுக்கு வழி கிடையாது. கணிதத்தோடு டிப்ளமா முடித்தவரும் முதல் வருடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். மூன்றும் ஐந்தும் எட்டு. கடன் வாங்கிப் படிக்கும் வீட்டில் அந்த இரண்டு வருடம் ஒரு தங்கையின் படிப்பு, அல்லது ஒரு கல்யாணம்.

மாமல்லபுரம் போனால் மரபுக் கட்டடக்கலைப் பட்டம். கோவில் திருப்பணி, கல்வேலை, வெளிநாட்டுத் தமிழர்கள் கட்டும் கோவில்கள் என்று அதற்கான உலகம் பெரியது. ஆனால் அது ஸ்தபதியாகும் வழி. சேருவதற்கு முன்பே இது தெரிந்திருக்க வேண்டும். ஊரை வடிவமைக்க ஆசை என்றால் நான்கு வருட பி.பிளான் இருக்கிறது. அதுவும் வேறு பட்டம், வேறு பெயர்.

இப்போது அந்த நுழைவுத் தேர்வுக்கு வருகிறேன். 2024-லிருந்து நடைமுறையில் உள்ள முறையில் 200-ல் 80 மதிப்பெண் கையால் வரைவதற்கும் உருவம் அமைப்பதற்கும். கொடுக்கிற துண்டுகளை வைத்து ஒரு முப்பரிமாண அமைப்பைச் செய்துகாட்டச் சொல்கிறார்கள். நினைத்துப் பார்த்தால் அழகான கேள்வி. ஆனால் நாமக்கல் யாருக்கு ஞாபகம் வரும்? முட்டைக்கும் லாரிக்கும் அடுத்து நாமக்கல்லின் பெயரை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது விடுதிப் பள்ளிகள். விடியக்காலை ஸ்டடி, ராத்திரி ஸ்டடி, பிளஸ் ஒன்னிலேயே பிளஸ் டூ பாடம். பிராய்லர் பள்ளி என்று நாமே கிண்டல் செய்த அந்தப் பள்ளிகள் மதிப்பெண்ணை உற்பத்தி செய்தன. ஓவிய பீரியட் அங்கே கணக்கு பீரியடாக மாறியது. அரசுப் பள்ளியில் ஓவிய வாத்தியார் இருந்தால் அதிர்ஷ்டம். அதனால் 80 மதிப்பெண்ணுக்கான கையும் கண்ணும் நகரத்துக் கோச்சிங் சென்டரில் விலைக்கு வாங்கப்படுகின்றன.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கையும் கண்ணும் இந்தச் சமவெளியில் ஏராளமாக இருக்கின்றன. நாமக்கல் பட்டறையில் லாரிக்கு பாடி கட்டுகிறவர் முப்பரிமாணத்தில் யோசிக்காமல் ஒரு பலகைகூட அறைய மாட்டார். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி செய்கிறவர்களும் அப்படித்தான். மச்சான் ஒரு காலி மனையில் நின்று, குச்சியால் மண்ணில் நாலு கோடு போட்டு, மாடிப்படி எங்கே திரும்பும், தலை இடிக்குமா இடிக்காதா என்று சொல்லிவிடுவார். தேர்வு கேட்பது அதைத்தான். தேர்வு அறைக்குள் வர முடியாமல் இருப்பதும் அவர்தான்.

*

அக்கா மகள் தேர்வுக்குத் தயாரானது எப்படி என்று சொல்லி முடிக்கிறேன். கோச்சிங்குக்குப் பணம் இல்லை. மச்சான் அவளை இரண்டு மாதம் சைட்டுக்குக் கூட்டிப்போனார். கூட்டிப்போன முதல் நாள் அக்கா சண்டை போட்டாள். "பொட்டப்புள்ளைய எதுக்கு வெயில்ல கூட்டிக்கிட்டுத் திரியறீங்க?" அவர் பதில் சொல்லவில்லை. செங்கல் துண்டுகளைக் கொடுத்து, விழாமல் எத்தனை விதமாக அடுக்கலாம் என்று அடுக்கச் சொன்னார். சாயந்திரம் அதே அடுக்கை மூன்று பக்கத்திலிருந்து அவள் பென்சிலால் வரைந்தாள். பழைய வினாத்தாள்களை நான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். என் பங்கு அவ்வளவுதான்.

மார்க் சுமாராகத்தான் வந்தது. கிண்டி கிடைக்கவில்லை. ஒரு தனியார் கல்லூரியில் கலந்தாய்வு வழியாக இடம் கிடைத்தது. இப்போது இரண்டாம் வருடம். முதல் வருடத்தில் ஒருநாள் போன் பண்ணி, வகுப்பில் செங்கல் கட்டு முறைகளை வரையச் சொன்னார்கள் என்றாள். இங்கிலீஷ் பாண்ட், பிளெமிஷ் பாண்ட். பெயர் தெரியாமலே அப்பா முப்பது வருடம் கட்டிக்கொண்டிருந்த கட்டுகள். "அப்பாகிட்ட கேட்டுக் கேட்டு வரைஞ்சேன் மாமா. அவருக்கு எல்லாந் தெரிஞ்சிருக்குது, பேரு மட்டுந்தான் தெரியல."

போன தீபாவளிக்கு வந்தபோது மறுபடியும் தாரமங்கலம் போனோம். இந்தத் தடவை அவள் ஓடவில்லை. நோட்டை எடுத்து இரண்டு தூண்களையும் தரைப்படமாக வரைந்து, பார்வைக் கோட்டைப் புள்ளி புள்ளியாகப் போட்டாள். மச்சான் எட்டிப் பார்த்தார். "கோடு சரியா வருது," என்றார். "ஆனா நடுவுல இன்னொரு தூணு இருக்குது பாரு, அத உட்டுட்ட. அந்தத் தூணுதான் ராமர மறைக்குது."

அவள் அழித்துவிட்டு அந்தத் தூணையும் வரைந்தாள்.